தடிப்பு எந்த இடத்தில், எத்தனை மணிக்கு? அறுவை சிகிச்சை நேரத்து ஒவ்வாமை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அறுவை சிகிச்சையை ஒட்டி நோயாளியின் தோலில் ஏதாவது கிளம்பினால், முதல் பழி ஆன்டிபயாட்டிக் மீது விழும். பெரும்பாலும் அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் சந்தேகத்தையே தீர்ப்பாக்கி, 'இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது' என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டால், உண்மையான காரணம் யார் கண்ணிலும் படாமல் தப்பிவிடுகிறது. அதே ஆள் அடுத்த அறுவை சிகிச்சைக்கு வரும்போது அது மறுபடி தாக்கும், பெரும்பாலும் முன்னைவிட வேகமாக.

அப்படி ஒரு பெண்மணிக்கு நடந்ததை அவருடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். மயக்கவியல் மருத்துவர்கள், தியேட்டர் செவிலியர்கள், அறுவை சிகிச்சைக்குப் போகவிருக்கும் குடும்பத்தார் என எல்லோருக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது.

நோயாளியும் பழைய கதையும்

வயது 58. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், வலது பக்கம் மோசம். மாடிப்படி ஏற முடியவில்லை, தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்காக வந்தார். ரத்த அழுத்தத்துக்கு தினமும் அம்லோடிபின் 5 மி.கி. சர்க்கரை இல்லை, ஆஸ்துமா இல்லை. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. ஒவ்வாமை அதிர்ச்சி வந்தால் அட்ரினலின் ஊசி சரியாக வேலை செய்யவிடாமல் அந்த வகை மாத்திரைகள் தடுக்கக்கூடும் என்பதால் இதைக் குறிப்பாகக் கேட்போம்.

மூன்று வருடங்களுக்கு முன் வேறொரு மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். அந்த சம்மரியின் கடைசியில் ஒரு வரி: 'செஃப்ட்ரியாக்சோன் ஒவ்வாமை.' என்ன நடந்தது என்று எதுவும் எழுதவில்லை. மகளிடம் கேட்டோம்.

"டெஸ்ட் டோஸ் போட்டாங்க டாக்டர், ஒண்ணும் ஆகலை. ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு வந்த பிறகுதான் தொடையிலயும் இடுப்புலயும் தடிச்சிருந்துச்சு. ஏவில் ஊசி போட்டதும் அடங்கிடுச்சு. ஆன்டிபயாட்டிக் ஒத்துக்கலைன்னு சொன்னாங்க."

டெஸ்ட் டோஸ் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்மூர் மருத்துவமனைகளில் ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன் முன்கையில் தோலுக்குள் துளி மருந்தை ஏற்றி, சுற்றி பேனாவால் வட்டம் போட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பார்ப்பது வழக்கம். நோயாளிகளும் அதை எதிர்பார்க்கிறார்கள், போடாவிட்டால் கேட்கிறார்கள். முன்பு ஒவ்வாமை வந்த சரித்திரமே இல்லாதவருக்கு இந்தச் சோதனையால் பெரிதாக எதையும் கண்டுபிடித்துவிட முடியாது. மருந்து இன்ன அளவுக்கு நீர்த்திருக்க வேண்டும் என்ற கணக்கு இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க பக்கத்தில் வெறும் சலைன் ஊசி இல்லை. மருந்தின் காரத்தால் வரும் எரிச்சலும் வீக்கம் மாதிரியே தெரியும். வட்டத்துக்குள் ஒன்றும் வரவில்லை என்பது அந்த மருந்து பாதுகாப்பானது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. ஆகவே 'டெஸ்ட் டோஸில் ஒன்றும் ஆகவில்லை' என்ற தகவலை வைத்து அந்தப் பழைய வரியை நாங்கள் அடித்துவிட முடியாது. முறையான பரிசோதனை நடக்கும்வரை செஃப்ட்ரியாக்சோன் சேர்ந்த செஃபலோஸ்போரின் வகையைத் தொடக்கூடாது. அதனால் வேறு வகை ஆன்டிபயாட்டிக்கான வான்கோமைசின் என்று முடிவானது.

அந்தக் காலை

7:30-க்கு வார்டில் வான்கோமைசின் 1 கிராம், 250 மி.லி. சலைனில் கலந்து சொட்டு சொட்டாகத் தொடங்கினார்கள். 9 மணிக்கு முடிந்தது. அரிப்பு இல்லை, முகம் சூடாகவில்லை. 9:30-க்கு தியேட்டரில் முதுகில் ஊசி. முதுகைப் போவிடோன் அயோடினால் துடைத்து, மரக்கச் செய்யும் ஹெவி புப்பிவகெய்ன் 0.5 சதவீதம் 2.6 மி.லி., கூடவே வலி மருந்தான ஃபென்டனில் 20 மைக்ரோகிராம். தொப்புள் மட்டம் வரை மரத்துப்போனது. 9:42-க்கு லிக்னோகெய்ன் ஜெல்லி தடவி சிறுநீர்க் குழாய் போட்டார்கள். 9:50-க்கு அறுவை சிகிச்சைக் குழு காலை ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினித் திரவத்தால் துடைத்துப் பச்சைத் துணிகளைப் போர்த்தியது.

9:56. "உள்ளங்கை ரெண்டும் அரிக்குது டாக்டர்" என்றார்.

முதுகுத்தண்டு ஊசியில் ஃபென்டனில் சேர்த்தால் அரிப்பு வருவது சகஜம். ஆனால் அது பெரும்பாலும் மூக்கு, முகம், மார்பு என்று இருக்கும். தோலில் தடிப்பு வராது, பி.பி. விழாது. உள்ளங்கையில் அரிப்பு என்று ஒருவர் சொன்னால் அதைச் சாதாரணமாக விட்டுவிடக்கூடாது. ஒவ்வாமை அதிர்ச்சி பலருக்கு உள்ளங்கையிலும் பாதத்திலும்தான் தொடங்குகிறது. இவருக்குப் பாதம் மரத்துப்போயிருந்தது. இடுப்புக்குக் கீழே எவ்வளவு அரித்தாலும் தெரியாத நிலையில், அவரால் சொல்லக்கூடிய ஒரே இடம் கைதான்.

9:59-க்கு பி.பி. 128/76-லிருந்து 82/50-க்கு இறங்கியது. முதுகில் ஊசி போட்டவருக்கு பி.பி. இறங்குவது அன்றாடம் பார்ப்பது. பி.பி.யை ஏற்றும் மெஃபென்டர்மின் 6 மி.கி. கொடுத்தோம். அசையவில்லை. 10:02-க்கு 64/38. நாடித்துடிப்பு 126. அடுத்த நிமிடம் இருமல், இரண்டு பக்க நுரையீரலிலும் வீசிங், ஆக்ஸிஜன் அளவு 92. "நாக்கு தடிச்ச மாதிரி இருக்கு" என்று குழறலாகச் சொன்னார்.

முதுகு ஊசியின் மட்டம் தொப்புளில் நிற்கும்போது பி.பி. இந்த அளவுக்கு விழ வேண்டியதில்லை. மட்டம் மார்புவரை ஏறியிருந்தால் இதயத்துடிப்பு குறையத்தான் செய்யும், 126-க்கு ஓடாது. வீசிங்குக்கும் முதுகு ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அனஃபிலாக்சிஸ், அதாவது ஒவ்வாமை அதிர்ச்சி, தவிர வேறு பெயர் பொருந்தவில்லை. 10:04-க்கு நரம்பு வழியாக அட்ரினலின் 50 மைக்ரோகிராம்.

இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. நம் வார்டுகளிலும் சின்ன கிளினிக்குகளிலும் ஒவ்வாமை என்றதும் கை தானாகப் போவது அரிப்பு மருந்தான ஏவிலுக்கும் ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோனுக்கும். தோலில் வெறும் தடிப்பு மட்டும் என்றால் ஏவில் போதும். பி.பி. விழுந்து மூச்சு இரைக்கும்போது அவை இரண்டும் உயிரைக் காப்பாற்றாது, அட்ரினலின்தான் காப்பாற்றும். மானிட்டர் மாட்டியிருக்கும் நோயாளிக்கு, பழகிய கை இருந்தால், நரம்பு வழியாகச் சிறு சிறு அளவில். வார்டில் என்றால் தொடையின் வெளிப்புறத் தசையில் 0.5 மி.கி. பி.பி.யில் முதல் எண்ணான 'சிஸ்டாலிக்' அளவு 50-க்குக் கீழே போனால் இதயம் நின்றதாகவே கருதி மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும் என்பது இப்போதைய பரிந்துரை.

இவருக்கு அட்ரினலின் மேலும் இரண்டு முறை, பிறகு சொட்டாக. ரிங்கர் லாக்டேட் 2 லிட்டர் வேகமாக. 10:15-க்கு பி.பி. 96/58. வீசிங் குறைந்தது. நல்லவேளையாகக் கத்தி வைக்கவில்லை, ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையில் கட்டும் டூர்னிக்கே பட்டையை ஏற்றவில்லை. அறுவை சிகிச்சையை அன்று கைவிட்டோம்.

துணியை விலக்கியபோது

10:15 வரை தோலில் ஏதாவது இருந்ததா என்று கேட்டால், தெரியாது என்பதே பதில். உடம்பில் முக்கால்வாசி துணிக்குள் இருந்தது. வெளியே தெரிந்த கைகளிலும் முகத்திலும் தடிப்பு எதுவும் இல்லை. இதை வைத்து 'தோலில் ஒன்றும் இல்லை, அதனால் ஒவ்வாமை இல்லை' என்று முடிவுகட்டுவது ஆபத்து. பி.பி. அதலபாதாளத்தில் இருக்கும்போது தோலுக்கு ரத்தமே போவதில்லை. ரத்தம் வராத தோல் எப்படித் தடிக்கும்? அட்ரினலினும் திரவமும் உள்ளே போய் ஓட்டம் திரும்பிய பிறகுதான் தடிப்புகள் கிளம்புகின்றன. அப்போது பார்ப்பவர், நோயாளி மோசமாகிறார் என்றோ, அட்ரினலின்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்றோ நினைத்துவிடுவது உண்டு. உண்மையில் அது நோயாளி மீண்டுவருவதன் அடையாளம்.

துணியை முழுதாக விலக்கினோம். முதல் பார்வையில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. பாடப்புத்தகங்கள் 'சிவந்த தடிப்புகள்' என்று சொல்கின்றன. படங்களும் பெரும்பாலும் வெளிர்நிறத் தோலுடையவர்களுடையவை. மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பைத் தேடினால் கிடைக்காது. தோல் கொஞ்சம் கறுத்தோ, ஊதா சாயலிலோ, சில சமயம் எந்த நிறமாற்றமும் இல்லாமலோ இருக்கும். தியேட்டரின் பெரிய விளக்கு நேர் மேலிருந்து விழுவதால் மேடு பள்ளமும் தட்டையாகிவிடும். அந்த விளக்கை ஒதுக்கிவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தோம். வயிற்றின் கீழ்ப்பகுதியிலும் தொடையின் உட்புறத்திலும் திட்டுத்திட்டான மேடுகள் நிழலோடு எழுந்து தெரிந்தன. கையால் தடவியபோது பார்வைக்குத் தெரியாத இடங்களிலும் மேடு தட்டுப்பட்டது. உதட்டின் உட்புறமும் கண் இமையின் உட்புறமும் நன்றாகச் சிவந்திருந்தன. நம் நோயாளிகளிடம் சிவப்பைத் தேட வேண்டிய இடங்கள் இவைதான், கூடவே உள்ளங்கை.

அந்த நேரத்தில் உதவிக்கு இருந்த சிஸ்டர் சொன்னார்: "டாக்டர், டியூப் போட்ட இடத்துலதான் அதிகமா இருக்கு. அங்க வீங்கியே போயிருக்கு."

பார்த்தோம். பிறப்புறுப்பைச் சுற்றி நன்றாக வீங்கியிருந்தது. அங்கிருந்து தள்ளிப்போகப் போகத் தடிப்பு குறைந்தது. மார்பில் ஆங்காங்கே, முதுகில் கிட்டத்தட்ட இல்லை. இந்த வழக்கு திரும்பியது அந்த வாக்கியத்தில்தான். குழாயை எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் காலையும் சலைனால் நன்றாகக் கழுவி, ஜெல்லி இல்லாமல் முழு சிலிகான் குழாய் ஒன்றைப் போட்டோம். அதன் பிறகு அட்ரினலின் சொட்டை மளமளவென்று குறைக்க முடிந்தது.

சந்தேகப் பட்டியல்

பழக்கப்படி எழுதியிருந்தால் 'வான்கோமைசின் ஒவ்வாமை' என்று இரண்டாவது வரி ஒன்று சேர்ந்திருக்கும். அந்த மருந்துக்கு அப்படி ஒரு பெயரும் உண்டு. வேகமாக ஏற்றினால் முகம், கழுத்து, மார்பின் மேற்பகுதி சிவந்து சூடாகி அரிக்கும், சிலருக்கு பி.பி.யும் இறங்கும். உண்மையான ஒவ்வாமையில் இருப்பதுபோல ஐ.ஜி.ஈ. எதிர்ப்பொருள் இதற்குத் தேவையில்லை. தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற ஒவ்வாமை செல்களின் மேல் உள்ள ஓர் ஏற்பியை மருந்தே நேரடியாகத் தட்டி, அரிப்பும் தடிப்பும் தரும் ஹிஸ்டமினை வெளியே கொட்ட வைக்கிறது. எம்.ஆர்.ஜி.பி.ஆர்.எக்ஸ்.2 என்று பெயரிடப்பட்ட அந்த ஏற்பியின் பங்கு 2015-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அட்ராகூரியம் என்ற தசைத் தளர்வு மருந்து, சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் போன்றவையும் அதே கதவைத் தட்டுபவைதான். மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம், அந்த மருந்தை வாழ்நாள் முழுவதும் ஒதுக்க வேண்டியதில்லை.

ஆனால் இவருக்கு மருந்து ஒன்றரை மணி நேரமாக மெதுவாக ஏறியிருந்தது. ஏறும்போது ஒன்றும் இல்லை, முடிந்து கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்துத்தான் அரிப்பு. தடிப்பு முகத்திலும் கழுத்திலும் இல்லை, பெரும்பாலும் வயிற்றின் கீழ்ப்பகுதியிலும் அதற்குக் கீழேயும் இருந்தது. நேரமும் பொருந்தவில்லை, இடமும் பொருந்தவில்லை. புப்பிவகெய்ன், லிக்னோகெய்ன் வகைக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. குழாய் லேடெக்ஸால் ஆனது என்பதால் ரப்பர் ஒவ்வாமையை ஒதுக்க முடியாது. மிச்சம், ஜெல்லி.

ஜெல்லி ட்யூபைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் பார்த்தோம். முன்பக்கம் பெரிதாக லிக்னோகெய்ன் என்று இருந்தது. பின்பக்கம், மடிப்புக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் குளோர்ஹெக்சிடின் குளுக்கோனேட். எல்லா லிக்னோகெய்ன் ஜெல்லியிலும் அது இருப்பதில்லை. சிலவற்றில் கிருமிநாசினியாகச் சேர்க்கிறார்கள். அதாவது அவருக்கு அது 9:42-க்கு சிறுநீர்ப் பாதையின் மென்படலம் வழியாகவும், 9:50-க்கு காலின் தோல் வழியாகவும் இரண்டு முறை போயிருக்கிறது. மென்படலம் மருந்தை வேகமாக உறிஞ்சும். 14 நிமிடத்தில் உள்ளங்கை அரித்தது.

ரத்தமும் தோலும் சொன்னது

மாஸ்ட் செல்கள் உடைந்தால் டிரிப்டேஸ் என்ற நொதி ரத்தத்தில் ஏறும். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது, நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் பயன் குறையும். 24 மணி நேரத்துக்குப் பிறகு எடுக்கும் இன்னொரு மாதிரிதான் அவருடைய இயல்பு அளவைக் காட்டும். பல இடங்களில் முதல் மாதிரியை எடுத்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அப்போது பாதி விடைதான் கையில் இருக்கும். இயல்பு அளவை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்ட வேண்டும், நெருக்கடி நேரத்து அளவு அதைத் தாண்டினால் மாஸ்ட் செல்கள் உடைந்தது உறுதி. இவருடைய இயல்பு அளவு 4.3. கணக்குப்படி எல்லை 7.16. அன்று 11:15-க்கு எடுத்த மாதிரியில் 21.4.

ஆக, ஒவ்வாமை அதிர்ச்சி நடந்தது உண்மை. எதனால் என்று டிரிப்டேஸ் சொல்லாது. அதற்குத் தோல் பரிசோதனை வேண்டும், அதை உடனே செய்யவும் கூடாது. மாஸ்ட் செல்கள் கொட்டித் தீர்த்திருக்கும்போது சோதித்தால் பொய்யாக 'இல்லை' என்று வரலாம். நான்கிலிருந்து ஆறு வாரம் காத்திருப்பது வழக்கம். ஒரு வாரம் முன்பே செட்டிரிசின் மாதிரியான அரிப்பு மாத்திரைகளை நிறுத்திவிட வேண்டும்.

காத்திருந்த வாரங்களில் மகள் ஒரு பெரிய வேலை செய்தார். பழைய மருத்துவமனையில் எழுதிக்கொடுத்து அம்மாவின் முழு கேஸ் ஷீட்டின் நகலை வாங்கி வந்தார். சம்மரியில் இல்லாதது செவிலியர் குறிப்பில் இருந்தது. செஃப்ட்ரியாக்சோன் காலை 8:15. சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதால் 10:50-க்கு ஜெல்லி தடவி மாற்றியிருக்கிறார்கள். 11:30-க்கு 'தொடையில் தடிப்பு, ஏவில் கொடுக்கப்பட்டது.' ஆன்டிபயாட்டிக் போட்டு மூன்றேகால் மணி நேரம் கழித்து, குழாய் மாற்றி 40 நிமிடத்தில். அந்தச் செவிலியர் யாரோ, நேரத்தை ஒழுங்காகக் குறித்து வைத்ததற்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் நேரடியாகக் கேட்டோம்: பல் வைத்தியம் ஏதாவது? வாய் கொப்பளிக்கும் மருந்து? "ஆமா, பல்லு எடுத்தப்போ ஒரு ரோஸ் கலர் தண்ணி கொடுத்தாங்க. கொப்பளிச்சா உதடு தடிச்ச மாதிரி இருக்கும். ரெண்டு நாள்ல விட்டுட்டேன். காரமா இருக்கும்போலன்னு நெனச்சேன்." பல் மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் வாய்க்கழுவிகளில் குளோர்ஹெக்சிடின் மிகப் பரவலாக இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் எந்த நோயாளியும் தானாகச் சொல்ல மாட்டார். ஊசி, மாத்திரை என்ற இரண்டைத்தான் மக்கள் மருந்து என்று எண்ணுகிறார்கள்.

ஆறு வாரம் கழித்துத் தோல் மருத்துவரோடு சேர்ந்து பரிசோதனை. முன்கையில் வரிசையாக: ஒப்பீட்டுக்கு ஹிஸ்டமினும் சலைனும், பிறகு செஃப்ட்ரியாக்சோன், செஃபசோலின், வான்கோமைசின், புப்பிவகெய்ன், லிக்னோகெய்ன், லேடெக்ஸ், போவிடோன் அயோடின், மி.லி.க்கு 5 மி.கி. அளவில் குளோர்ஹெக்சிடின். முதலில் மேல்தோலில் மெல்லிய குத்தல் மட்டும். 15 நிமிடத்தில் குளோர்ஹெக்சிடின் குத்திய இடத்தில் 7 மி.மீ. மேடு. சலைனைவிட 3 மி.மீ. கூடுதலாக இருந்தாலே 'உண்டு' என்று அர்த்தம். ஒப்பீட்டுக்கான ஹிஸ்டமினைத் தவிர மற்ற எல்லாம் தட்டை. செஃப்ட்ரியாக்சோனையும் செஃபசோலினையும் தோலுக்குள் ஊசியாகவும் சோதித்தோம், எதுவும் இல்லை. அதோடு நிறுத்தாமல், அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செஃப்ட்ரியாக்சோனை முதலில் பத்தில் ஒரு பங்கும் பிறகு மீதியும் நரம்பு வழியாகக் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. மூன்று வருடங்களாக அவர் கோப்பில் இருந்த வரி அன்று நீங்கியது.

அந்த வரி நீங்கியதும் முக்கியம்தான். ஆன்டிபயாட்டிக் ஒவ்வாமை என்று தவறாக முத்திரை விழுந்தவருக்குக் காலம் முழுக்க இரண்டாம்தர மருந்துகள் போகின்றன. மூட்டு மாற்று சிகிச்சையில் தொற்றைத் தடுக்க செஃபசோலின்தான் முதல் தேர்வு. மூட்டுக்குள் சீழ் பிடித்தால் அந்தக் குடும்பம் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

இது புதிய கதை அல்ல

குளோர்ஹெக்சிடின் 1954-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அருமையான கிருமிநாசினி. எத்தனையோ தொற்றுகளைத் தடுத்திருக்கிறது, அதைக் கைவிடச் சொல்லி யாரும் எழுதவில்லை. மென்படலத்தில் தடவினால் அதிர்ச்சி வரலாம் என்று 1984-லேயே ஜப்பான் அரசு அந்தப் பயன்பாட்டைத் தடுத்தது. 2012-இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இது கலந்த எல்லா மருந்துகளுக்கும் சாதனங்களுக்கும் எச்சரிக்கை விடுத்தது. 2017-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. பிரிட்டன் முழுவதும் ஒரு வருடம் நடந்து 2018-இல் வெளியான தேசியத் தணிக்கையில், அறுவை சிகிச்சை நேரத்து கடும் அனஃபிலாக்சிஸ் 266 பேருக்குப் பதிவானது, தோராயமாகப் பத்தாயிரம் மயக்க சிகிச்சைக்கு ஒன்று. காரணம் தெரிந்தவர்களில் ஆன்டிபயாட்டிக் 47 சதவீதம், தசைத் தளர்வு மருந்துகள் 33 சதவீதம், அடுத்த இடத்தில் குளோர்ஹெக்சிடின் 9 சதவீதம். டென்மார்க்கில் அறுவை சிகிச்சை நேரத்து ஒவ்வாமைக்காகப் பரிசோதனைக்கு வரும் எல்லோருக்கும், சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ, குளோர்ஹெக்சிடினையும் சேர்த்தே சோதிக்கிறார்கள். அதுதான் சரியான வழி என்பது என் கருத்து.

இவ்வளவுக்குப் பிறகும் இது நழுவுவதற்குக் காரணம், மயக்க மருந்துப் பதிவேட்டில் இதற்கு இடமே இல்லை. நாங்கள் நரம்பில் ஏற்றியதெல்லாம் நிமிட வாரியாக அங்கே இருக்கும். சிஸ்டர் தடவிய ஜெல்லி, குழு காலைத் துடைத்த திரவம், கழுத்து நரம்பில் போடும் குழாயின் மேல் பூசப்பட்டிருக்கும் மருந்து, ஊசி போட்ட இடத்தில் ஒட்டும் ஜெல் பட்டை எதுவும் எழுதப்படுவதில்லை. எழுதாத பொருளை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

இரண்டாவது முயற்சி, அப்புறம் நான்காம் நாள்

பரிசோதனைக்குச் சில வாரங்கள் கழித்து அறுவை சிகிச்சை. முந்தின நாளே தியேட்டரிலிருந்து குளோர்ஹெக்சிடின் கலந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். கைகழுவும் திரவங்களில் சிலதிலும் அது இருந்தது, அதையும் மாற்றினோம். காலுக்குப் போவிடோன் அயோடின். ஜெல்லி ட்யூபின் பின்பக்கத்தை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் சரிபார்த்தார். செஃபசோலின் 2 கிராம். அறுவை சிகிச்சை சிக்கலில்லாமல் முடிந்தது.

நான்காம் நாள் மகளிடமிருந்து போன். "டாக்டர், மறுபடியும் வந்துடுச்சு." குரலில் பயம். காலில் அரிப்பு, பொடிக் கொப்புளங்கள். போட்டோ அனுப்பச் சொன்னேன். முழங்காலின் இரண்டு பக்கமும், கோடு போட்டதுபோல நேரான விளிம்போடு செவ்வகம். நடுவில் தையல் இருந்த இடம் சுத்தமாக இருந்தது.

உடம்புக்குள் போன மருந்து செவ்வகமாகத் தடிக்காது. கட்டு நன்றாக ஒட்டிக்கொள்வதற்காகத் தோலில் டிங்சர் பென்சாயின் தடவி, மேலே பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பென்சாயினும் பிளாஸ்டரின் பசையும் இரண்டுமே தொடு ஒவ்வாமை தரக்கூடியவை. இது உடனடி வகை இல்லை. ஒன்றிரண்டு நாள் கழித்து, தொட்ட இடத்தில் மட்டும், தொட்ட வடிவத்திலேயே வரும். பி.பி. விழாது. பிளாஸ்டரை எடுத்துவிட்டுப் பஞ்சும் சுற்றுத்துணியும் கட்டி, ஸ்டீராய்டு களிம்பு ஒரு வாரம் தடவினார், சரியாகிவிட்டது. இரண்டில் எது என்று கண்டுபிடிக்க முதுகில் இரண்டையும் தனித்தனியாக ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்யலாம் என்றோம். "போதும் டாக்டர், ரெண்டையும் போடாம பாத்துக்குவோம்" என்றார் அந்த அம்மா. அதுவும் நியாயம்தான்.

வீட்டுக்குப் போன பிறகு வரும் தடிப்புகள் எல்லாமே இப்படி லேசானவை என்று நினைத்துவிடக் கூடாது. ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு முழுக்கப் பரவும் பொடித் தடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். வலிமாத்திரை சாப்பிட்ட சில மணி நேரத்தில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வட்டமாகக் கறுத்து எரிந்தால், அந்த மாத்திரையின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆனால் காய்ச்சலோடு தோல் அரிப்பதற்குப் பதிலாக வலித்தால், வாயிலோ கண்ணிலோ பிறப்புறுப்பிலோ புண் வந்தால், தோல் உரிந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். மூளை அறுவைக்குப் பிறகு வலிப்பு மருந்தான ஃபெனிடாயின் எடுப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இப்போது எங்கள் பதிவேட்டில்

மருந்து வரிசைக்குக் கீழே நான்கு கோடுகள் சேர்த்திருக்கிறோம். தோலைத் துடைத்தது எது, எத்தனை மணிக்கு. ஜெல்லி எது, எத்தனை மணிக்கு. குழாய்கள், அவற்றின் பூச்சு. ஒட்டியது எது. எழுதுவது சிஸ்டர், பார்த்துக் கையெழுத்துப் போடுவது மயக்கவியல் மருத்துவர். தடிப்பு வந்தால் உடம்பின் முன்-பின் படத்தில் இடத்தைக் குறித்து நேரம் எழுத வேண்டும், நோயாளி சம்மதித்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோ.

அந்த அம்மாவுக்குத் தமிழில் ஓர் அட்டை கொடுத்திருக்கிறோம். மேலே பெரிதாக: குளோர்ஹெக்சிடின் கூடாது. கீழே அது ஒளிந்திருக்கும் இடங்கள்: வாய்க்கழுவி, சிறுநீர்க் குழாய் ஜெல்லி, காயம் கழுவும் ஆன்டிசெப்டிக் திரவம், கை கழுவும் திரவம், நரம்புக் குழாயும் அதன் ஒட்டும். அதற்கும் கீழே: செஃப்ட்ரியாக்சோன் கொடுக்கலாம், சோதித்துப் பார்த்தாகிவிட்டது. 'கூடும்' என்பதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பழைய சம்மரியைப் பார்த்து யாராவது அந்த வரியை மறுபடி ஏற்றிவிடுவார்கள். வீட்டில் காயத்துக்கு வைத்திருந்த திரவத்தையும் மகள் பாட்டிலைத் திருப்பிப் படித்து மாற்றிவிட்டார்.

ஒரு வேலை இன்னும் பாக்கி. ஜெல்லியும் துடைக்கும் திரவமும் டெண்டர் மாறும்போது மாறுகின்றன. அதே பெயர், அதே நிற ட்யூப், உள்ளே சேர்மானம் வேறாக இருக்கலாம். சப்ளையர் மாறினால் புதிய ட்யூபின் பின்பக்கத்தைப் படித்துத் தியேட்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மருந்துக் கிடங்குக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். இடது முழங்காலுக்கு அவர் தேதி கேட்டிருக்கிறார், கிடங்கிலிருந்து அந்தப் பட்டியல் வந்ததும் குறித்துவிடுவோம்.